ஆவணப் படக் கருவிகள்: வரைந்து பார்த்தால் போதாது, திருத்திப் பாருங்கள்

படம் வரையும் மென்பொருள் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் படத்தோடு நின்றுவிடுகின்றன. வெறுந்திரையில் பத்து நிமிடத்தில் பார்வையாக ஒரு படம் வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். தொழில்நுட்ப ஆவணத்தில் அந்தப் பத்து நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. ஆறு மாதம் கழித்து, வரைந்தவர் வேறு குழுவுக்குப் போயிருப்பார். புதிதாக வந்தவர் நடுவில் ஒரு பெட்டியைச் செருக வேண்டியிருக்கும். மூலக் கோப்பு எங்கே இருக்கிறது, எதில் திறக்கும், திறந்து ஒரு பெட்டியை நகர்த்தினால் எத்தனை அம்பு கழன்றுகொள்ளும்? கருவியின் குணம் அப்போதுதான் தெரியும்.

அதனால் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை. பயனர், இணையச் செயலி, ஆர்டர் சேவை, தரவுத்தளம் என நான்கு பெட்டிகள், இடையில் ஐந்தாறு அம்புகள். படம் முடிந்ததும் ஆர்டர் சேவைக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே ஒரு கேஷ் (அடிக்கடி கேட்கும் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்) வர வேண்டும். அந்த மாற்றத்தை இன்னொருவர் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளில்) பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முடிந்த படம் வலைப்பக்கத்திலும் அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பிலும் கண்ணை இடுக்காமல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கருவிகளில் இரண்டு வகை. ஒன்றில் படத்தை உரையாக எழுதுகிறோம், பெட்டிகளை எங்கே வைப்பது என்பதைக் கருவி முடிவு செய்கிறது. இன்னொன்றில் மவுஸால் நாமே இழுத்து வைக்கிறோம். முதல் வகையில் திருத்துவது எளிது, அமைப்பு நம் கையில் இல்லை. இரண்டாவதில் அப்படியே தலைகீழ். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

மெர்மெய்ட்

உரையைப் படமாக்கும், 2014இல் தொடங்கிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். கிட்ஹப் 2022 பிப்ரவரியிலிருந்து இதை மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்புக்குள்ளேயே படமாகக் காட்டுகிறது. கிட்லேபில் அதற்கு முன்பே உண்டு. இதன் பெரிய பலம் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பது. ரீட்மி கோப்பில் மூன்று பின்மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதினால் படம் வந்துவிடும். கேஷைச் செருகும் சோதனையில் ஓட்டப்படத்துக்கு (ஃப்ளோசார்ட்) இரண்டு வரி மாறுகிறது. வரிசைப்படம் (யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார் என்று காட்டுவது) என்றால் பங்கேற்பாளர் ஒரு வரி, 'கேஷில் இருந்தால், இல்லாவிட்டால்' என்ற கிளைக்கு ஏழெட்டு வரி. ரிவ்யூ செய்பவர் எந்த வரி புதிது என்று நேராகப் பார்க்கலாம். சிறிய படங்களுக்கு இதைவிட்டு வேறு எதையும் தேடத் தேவையில்லை.

ஆனால் சில குழிகள் இருக்கின்றன, எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழிகள். ஓட்டப்படத்தில் ஒரு பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'எண்ட்' என்று முழுக்கச் சிற்றெழுத்தில் பெயர் வைத்தால் மொத்தப் படமும் உடையும். அந்தச் சொல் உட்குழுவை (பெட்டிகளைச் சேர்த்துக் கட்டும் குழுவை) மூடுவதற்கானது, அதனால் கருவி குழம்புகிறது. முதல் எழுத்தைப் பெரிதாக்குங்கள் அல்லது லேபிளை இரட்டை மேற்கோளில் போடுங்கள். அடுத்தது இன்னும் வேடிக்கை. மூன்று கோடு போட்டு இடைவெளி விடாமல் ஆங்கில 'ஓ' அல்லது 'எக்ஸ்' சிற்றெழுத்தில் தொடங்கும் பெட்டிப் பெயரை எழுதினால், அந்த எழுத்தைக் கோட்டின் முனை என்று எடுத்துக்கொண்டு வட்டமோ பெருக்கல் குறியோ வரைந்துவிடும். ஆர்டர் சேவைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் அது 'ஓ'வில்தான் தொடங்கும் என்பதால் நம் சோதனைப் படத்திலேயே இது வந்துவிடும். நடுவில் ஓர் இடைவெளி விட்டால் போதும். வரிசைப்படத்தின் செய்தியில் அரைப்புள்ளி போட்டாலும் தகராறுதான். அங்கே அதை வரி முடிவாக எடுத்துக்கொள்கிறது.

உட்குழுவுக்கு மட்டும் தனித் திசை கொடுக்கலாம் என்று ஆவணத்தில் இருக்கும், கொடுத்தும் பார்ப்பீர்கள், நடக்காது. உள்ளே இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து வெளியே ஓர் அம்பு போனாலும் அந்தத் திசையைக் கருவி கண்டுகொள்ளாது, வெளிப்படத்தின் திசையையே பின்பற்றும். இதற்கு வழி, அம்பை உள்ளே இருக்கும் பெட்டியோடு இணைக்காமல் உட்குழுவோடு இணைப்பது. பெட்டிகளின் இடத்தைப் பொறுத்தவரை உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் எந்த வரியை முதலில் எழுதுகிறீர்கள் என்பதுதான். வரிகளை மேலும் கீழும் மாற்றிப் பார்த்தும் அம்புகள் குறுக்கே வெட்டினால், ஈஎல்கே என்ற மாற்று அமைப்பு இயந்திரத்தை முயலலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் அந்தப் படம் மெர்மெய்டுக்கானது இல்லை. 500 இணைப்புகள், 50,000 எழுத்துகள் என இயல்பான உச்சவரம்பு உண்டு. அதை எட்டிவிட்டால் வரம்பை உயர்த்தும் வழியைத் தேடாமல் படத்தை உடையுங்கள்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில். மெர்மெய்ட் படம் வாசகரின் உலாவியில் வரையப்படுகிறது. தொடரியலில் பிழை இருந்தாலும் தளத்தின் பில்ட் (கோப்புகளைத் தளமாகத் தொகுக்கும் வேலை) பச்சையாகவே முடியும். வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது படத்துக்குப் பதில் ஒரு வெடிகுண்டுச் சின்னம் நிற்கும். பாண்டாக் என்ற ஆவண மாற்றி மாதிரி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாத பாதை வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம், மூல உரை அப்படியே நிரலாக அச்சாகும். அதனால் வெளியிடும் ஆவணம் என்றால் மெர்மெய்டின் கட்டளைவரிக் கருவியைப் பில்டில் சேர்த்து, எஸ்விஜியாக (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப்பட வடிவம்) முன்கூட்டியே எடுத்துக்கொள்வதே சரி. அது உள்ளே ஒரு குரோமியம் உலாவியை ஓட்டுகிறது. கண்டெய்னரில் (மென்பொருளைத் தனித்து ஓட்டும் சூழலில்) ரூட் பயனராக ஓடும்போது சாண்ட்பாக்ஸ் (உலாவியின் பாதுகாப்பு வேலி) பிழை காட்டி நின்றால் காரணம் அதுதான். கண்டெய்னரில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் ஓட்டுவது நல்ல தீர்வு. சாண்ட்பாக்ஸை அணைக்கும் அமைப்புக் கோப்பைக் கொடுப்பது குறுக்குவழி.

இன்னொன்று: உங்கள் கணினியில் இருக்கும் மெர்மெய்டும் ஆவணத் தளத்தில் இருக்கும் மெர்மெய்டும் ஒரே பதிப்பாக இருக்கும் என்று நம்பாதீர்கள். புதிய படவகை உங்களிடம் அழகாக வரும், தளத்தில் வெடிகுண்டு வரும்.

பிளாண்ட்யுஎம்எல்

2009இலிருந்து இருக்கும் உரைக் கருவி, ஜாவாவில் எழுதியது. வரிசைப்படம் என்று வந்துவிட்டால் இதற்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை. செய்திகளுக்குத் தானாக எண் போடுவது, கட்டங்களைப் பிரிக்கும் குறுக்குப் பட்டை, 'சிறிது நேரம் கழித்து' என்பதற்கான புள்ளிக்கோடு, வேறொரு படத்தைச் சுட்டும் பெட்டி, நீண்ட படத்தைப் பக்கங்களாக வெட்டுவது என எல்லாமே ஒரு வரிக் கட்டளைகள். நம் கேஷ் சோதனை இதில் எட்டு வரி. எண்கள் எல்லாம் தானாக நகர்ந்துகொள்ளும். ஆனால் விளக்க உரையில் 'படி 5' என்று கையால் எழுதியிருந்தால் அது நகராது. அதைத் தேடித் திருத்துவது உங்கள் வேலை.

நிறுவும்போது பலரும் குழம்பும் இடம் இது. வரிசைப்படத்துக்கு ஜாவா மட்டும் போதும். கிளாஸ் படம், கூறுகளின் படம், நிலைப்படம் போன்றவற்றுக்குக் கிராஃப்விஸும் (அடுத்துச் சொல்லப்போகும் கருவி) வேண்டும். ஒருவர் கணினியில் வரிசைப்படம் வருகிறது, கிளாஸ் படம் வரவில்லை என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், கிராஃப்விஸ் நிறுவியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறுவ அனுமதி இல்லாத இடங்களில் ஸ்மெட்டானா என்ற உள்ளிணைந்த மாற்று உண்டு. கோப்பின் தலையில் பிராக்மா என்ற அமைப்பு வரி ஒன்றைச் சேர்த்தால் அதைப் பயன்படுத்தும். அது கிராஃப்விஸையே ஜாவாவுக்கு மாற்றி எழுதியது, பெரும்பாலான படங்களுக்குத் தாங்கும்.

நீண்ட வரிசைப்படத்தின் அடிப்பகுதி காணாமல் போகிறதா? பிஎன்ஜியாக (பிக்சல்களால் ஆன பட வடிவம்) எடுக்கும்போது அகலமும் உயரமும் இயல்பாக 4096 பிக்சலோடு வெட்டப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது, படம் பாதியில் நிற்கும், அவ்வளவுதான். சூழல் மாறி ஒன்றால் வரம்பை உயர்த்தலாம். எஸ்விஜிக்குப் போனால் இந்தத் தொல்லையே இல்லை. 4096 பிக்சல் உயரத்துக்கு ஒரு படம் எதற்கு என்ற கேள்வியையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.

மெர்மெய்டின் வெடிகுண்டுக்கு நிகரான ஒன்று இதிலும் உண்டு. மூல உரையில் பிழை இருந்தால், பிழைச் செய்தியையே ஒரு படமாக வரைந்து கொடுத்துவிடும். ஸ்கிரிப்ட் அதன் வெளியேறு குறியீட்டை (வேலை தேறியதா என்று சொல்லும் எண்ணை) பார்க்காமல் போனால், கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்தில் பிழைச் செய்தி தாங்கிய படம் ஆவணத்தில் ஏறிவிடும். முதலில் தொடரியலை மட்டும் சரிபார்க்கச் சொல்லி, அது தேறினால்தான் படம் எடுப்பது என்று இரண்டு படியாகப் பில்டை அமையுங்கள். கூடவே பதிப்பு எண்ணையும் பூட்டிவையுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கருவியின் அடையாளமாக இருந்த வெளிர்மஞ்சள் பெட்டியும் சிவப்பு ஓரமும் பின்னாளில் சாம்பலாக மாறின. பூட்டாமல் விட்டவர்களின் படங்கள் எல்லாம் ஒரே நாளில் நிறம் மாறியிருக்கும்.

நிறம், எழுத்துரு, கோட்டுத் தடிமன் எல்லாவற்றையும் ஒரே பொதுக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு படத்தின் முதல் வரியிலும் அதைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஐம்பது படம் வைத்திருக்கும் குழுவுக்கு இந்த ஒரு வசதிக்காகவே பிளாண்ட்யுஎம்எல்லை எடுக்கலாம். இது எடுக்கும் பிஎன்ஜிக்குள் மூல உரையும் மறைந்து இருக்கிறது. மூலம் தொலைந்தால் படத்திலிருந்தே மீட்கலாம். ஆனால் அதே காரணத்தால், மூல உரையில் குறிப்பாக எழுதிவைத்த உள் சர்வர் பெயர்களும் படத்தோடு வெளியே போகும், கவனம். பொதுச் சர்வரில் ஒட்டிப் படம் எடுப்பதும் அப்படித்தான். இணைய முகவரியின் வாலில் இருக்கும் அந்த நீண்ட எழுத்துக்கூட்டம் உங்கள் படத்தின் உரையைச் சுருக்கி எழுதியது. அது மறைகுறியாக்கம் இல்லை, யாரும் பிரித்துப் படிக்கலாம். அலுவலகக் கட்டமைப்பை அதில் ஒட்டக் கூடாது. கண்டெய்னர் வடிவில் சொந்தச் சர்வர் ஓட்டுவது ஐந்து நிமிட வேலை.

குறை? கூறுகளின் படம் பத்துப் பதினைந்து பெட்டியைத் தாண்டினால் அமைப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அம்புக்குள்ளேயே 'கீழே', 'இடப்பக்கம்' என்று திசை எழுதலாம். கண்ணுக்குத் தெரியாத அம்பு போட்டு இரண்டு பெட்டிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். இப்படி ஒன்றிரண்டு போட்டால் சரி. பத்து மறைவு அம்பு உள்ள படத்தை அடுத்து வருபவரால் தொடவே முடியாது.

கிராஃப்விஸ்

ஏடி அண்ட் டி ஆய்வுக்கூடத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்தது. மனிதர் கையால் எழுதும் படத்தைவிட, நிரல் தானாக எழுதித் தரும் படத்துக்கு ஏற்றது. தொகுதிகளின் சார்பு, தரவு அட்டவணைகளின் உறவு, நிலைமாற்றங்கள் போன்றவற்றை ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும், இது வரைந்துவிடும். நம் நான்கு பெட்டிப் படத்தையும் இதில் வரையலாம், ஆனால் அது பூச்செடிக்கு நீர் ஊற்ற ஏற்றம் போடுகிற மாதிரி.

தெரிந்திருக்க வேண்டியவை சில. பெட்டிகளைச் சுற்றிக் கட்டம் வர வேண்டுமானால் உட்குழுவின் பெயர் 'கிளஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்க வேண்டும். வேறு பெயர் வைத்தால் பிழையும் வராது, கட்டமும் வராது. அம்பைக் கட்டத்தின் ஓரத்தில் நிறுத்த வேண்டுமானால் கூட்டு இணைப்பு அமைப்பை இயக்கி, அம்புக்குத் தலைக் கட்டம் எது, வால் கட்டம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டும். செங்கோண வளைவுகளைத் தேர்ந்தெடுத்தால் அம்பின் லேபிள் சரியாக அமையாது, வெளி லேபிள் வகைக்கு மாற வேண்டும். சார்புப் படம் சிலந்திவலையாக வந்தால், கூடவே வரும் 'டிரெட்' என்ற சிறு கருவி வழியாக ஒருமுறை வடிகட்டுங்கள். வேறு வழியாகப் போய்ச்சேர முடிகிற நேர் அம்புகளை அது நீக்கிவிடும். பாதிக் கோடு மறைந்து, இருக்கிற படிநிலை தெரியும்.

ஒரு பெட்டி சேர்த்ததும் மற்றவை எல்லாம் இடம் மாறிவிடுவது இதன் இயல்பு. மூல உரையில் ஒரே வரி மாற்றம், படத்தில் எல்லாமே மாற்றம். பழைய படத்தை மனதில் பதித்துவைத்த வாசகருக்கு இது எரிச்சல் தரும். மெர்மெய்டிலும் பிளாண்ட்யுஎம்எல்லிலும் இதே குணம் உண்டு, இதில் கொஞ்சம் கூடுதல்.

டி2 என்ற உரைக் கருவி பற்றி இங்கே ஒரு சொல். 2022 நவம்பரில் திறமூலமாக வந்தது, கோ மொழியில் எழுதியது. தொடரியல் படிப்பதற்கு இதமானது, சேமித்ததும் உலாவியில் படம் உடனே மாறும், மூல உரையை ஒரே சீராக ஒழுங்குபடுத்தும் கட்டளையும் உண்டு. பெட்டிக்குள் பெட்டி வைக்கும் கட்டமைப்புப் படங்கள் இயல்பான இயந்திரத்திலேயே மெர்மெய்டைவிடத் தெளிவாக வருகின்றன. கிட்ஹப் பக்கத்தில் நேராகக் காட்டாது என்பதால் பில்டில் சேர்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே பில்ட் வைத்திருக்கும் குழு, புதிதாகத் தொடங்குகிறது என்றால் தாராளமாக எடுக்கலாம்.

டிரா.ஐஓ

மவுஸ் வகையில் இதற்கே முதலிடம், அதுவும் ஒரே ஒரு வசதிக்காக. படத்தைச் சேமிக்கும்போது கோப்புப் பெயரின் முடிவில் டிராஐஓ, எஸ்விஜி என்று இரட்டைப் பின்னொட்டு கொடுத்தால், வெளியே சாதாரண எஸ்விஜி, உள்ளே திருத்தக்கூடிய மூலம் என ஒரே கோப்பாக அமையும். ஆவணத்தில் அதையே படமாகச் சேர்க்கலாம், அதையே மறுபடி திறந்து திருத்தலாம். 'மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது' என்ற கேள்வியே எழாது. விஎஸ் கோடில் இதற்கான நீட்சி இருப்பதால் எடிட்டரை விட்டு வெளியே போகவும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை: எஸ்விஜிகளை இளைக்க வைக்கும் மேம்படுத்திக் கருவி உங்கள் பில்டில் இருந்தால், அது ரிப்போவில் (மூலக் கோப்புகளின் களஞ்சியத்தில்) உள்ள கோப்பைத் தொடாமல் வெளியீட்டுப் பிரதியை மட்டும் தொடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மூலத்தையும் குப்பை என்று துடைத்துவிடும்.

கேஷ் சோதனை இதில் இப்படிப் போகும். தரவுத்தளப் பெட்டியை 200 புள்ளி வலப்பக்கம் தள்ளுங்கள். கட்டக்கோடுகள் இயல்பாக 10 புள்ளி இடைவெளியில் இருப்பதால் வரிசை பிசகாது. காலி இடத்தில் கேஷை வையுங்கள். பழைய அம்பின் முனையை எடுத்துக் கேஷில் ஒட்டுங்கள், புதிதாக ஓர் அம்பு போடுங்கள். அந்த ஒட்டும் இடத்தில்தான் நுணுக்கம். முனையைப் பெட்டியின் மேல் கொண்டுபோகும்போது மொத்தப் பெட்டியின் ஓரமும் மின்னினால் அது மிதக்கும் இணைப்பு. பெட்டி எங்கே போனாலும் அம்பு வசதியான பக்கத்துக்குத் தானே நகரும். ஓரத்தில் உள்ள ஒரு புள்ளி மட்டும் மின்னினால் அது நிலையான இணைப்பு, அந்தப் புள்ளியை விடாது. எதுவுமே மின்னாமல் விட்டால் அம்பு பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது என்று பொருள். அடுத்தவர் பெட்டியை நகர்த்தும்போது அது அந்தரத்தில் நிற்கும். படத்தை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் அசைத்துப் பார்த்து, அன்டூ செய்துவிடுங்கள். எது கழன்றது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரிவ்யூவில்தான் இது தடுமாறுகிறது. கோப்பு எக்ஸ்எம்எல். பழைய கோப்புகள் சுருக்கிய வடிவில் இருந்தால் கிட்டில் வெறும் குப்பை எழுத்துகள்தான் தெரியும். கோப்புப் பண்புகளில் சுருக்கும் தேர்வை நீக்கிவிட்டால் வரிகள் தெரியும், ஆனால் தெரிவது ஆயத்தொலைவு எண்கள். நகர்த்தியது எது, புதிதாகச் சேர்த்தது எது என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. இரண்டு கிளைகளில் இரண்டு பேர் ஒரே படத்தைத் திருத்தினால் மெர்ஜ் செய்ய முயலாதீர்கள், ஒருவர் தன் மாற்றத்தை மறுபடி கையால் போட வேண்டியதுதான். கமிட் செய்தியில் 'படத்தைத் திருத்தினேன்' என்று எழுதாமல் 'ஆர்டர் சேவைக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே கேஷ்' என்று எழுதும் பழக்கம் இந்தக் கருவிக்குக் கட்டாயம் வேண்டும்.

எக்ஸ்காலிடிரா கையால் கிறுக்கின மாதிரி வரும், 2020இல் வந்தது. கூட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து யோசிக்கும்போது இதைவிட விரைவானது இல்லை. அந்தக் கிறுக்கல் தோற்றத்துக்கு ஒரு பயன் உண்டு, 'இது இன்னும் முடிவாகவில்லை' என்று சொல்லாமல் சொல்கிறது. அதே காரணத்தால் இறுதி ஆவணத்தில் அது தவறான சேதி. எக்ஸ்போர்ட் செய்யும்போது காட்சியையும் உள்ளே பதிக்கும் தேர்வை இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் திரும்பத் திறக்க முடியாது.

விசியோ 1992 முதல் இருக்கிறது, 2000இலிருந்து மைக்ரோசாஃப்ட் கையில். மின்சுற்று, தரைத்தளம், நெட்வொர்க் அலமாரி என்று வடிவத் தொகுப்புகள் குவிந்திருக்கின்றன. உங்கள் துறைக்கு அவை வேண்டும், திருத்தப்போகும் எல்லோரிடமும் உரிமம் இருக்கிறது என்றால் எடுங்கள். ஒருவரிடம் இல்லாவிட்டாலும் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன் மேல் பெட்டி ஒட்டத் தொடங்குவார், மூலமும் படமும் அன்றோடு பிரிந்துவிடும். இணையத்தில் மட்டும் ஓடும் சந்தாக் கருவிகளுக்கும் இதே கணக்குதான். சந்தா முடிந்த மறுநாள் மூலத்தை எந்த வடிவில் வெளியே எடுக்கலாம் என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

இயந்திரத்தின் பாகங்களைக் காட்டும் விளக்கப்படம், குறுக்குவெட்டு போன்றவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருள். கணிதக் கட்டுரை, லேடெக் ஆவணம் என்றால் அதற்குள்ளேயே படம் வரையும் டிக்ஸ். கற்றுக்கொள்ள நாளாகும், ஆனால் படத்தின் எழுத்தும் உரையின் எழுத்தும் ஒன்றாக இருப்பது வேறு எதிலும் இந்த அளவுக்கு வராது.

படம் வெளியே வரும் வழி

எந்தக் கருவி என்பதைவிட இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். 1600 பிக்சல் அகலத்தில், 14 பிக்சல் எழுத்தில் வரைந்த படம், 720 பிக்சல் அகல பத்தியில் சுருங்கி உட்காரும்போது எழுத்து 6.3 பிக்சல் ஆகிவிடும். யாராலும் படிக்க முடியாது. அதனால் வரையும் முன் பத்தியின் அகலத்தைப் பாருங்கள், படத்தின் அகலம் அதைத் தாண்ட வேண்டாம். ஏ4 தாளில் இருபுறமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது 160 மில்லிமீட்டர். அதை 300 டிபிஐயில் பிஎன்ஜியாக அச்சிட சுமார் 1890 பிக்சல் வேண்டும். எஸ்விஜியில் இந்தக் கணக்கு தேவையில்லை, எழுத்து அளவுக் கணக்கு மட்டும் தேவை.

எஸ்விஜியில் இரண்டு பொறிகள். ஒன்று, மெர்மெய்டும் டிரா.ஐஓவும் லேபிளை இயல்பாக எஸ்விஜி எழுத்தாகப் போடாமல், உள்ளே ஒரு எச்டிஎம்எல் துண்டாகப் பதிக்கின்றன. உலாவியில் நன்றாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் திறந்தாலோ பிடிஎஃப் மாற்றிக்குக் கொடுத்தாலோ பெட்டிகள் காலியாக நிற்கும். டிரா.ஐஓ என்றால் 'உரை எஸ்விஜி அல்ல, காட்ட இயலாது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி படத்தின் அடியில் வரும். மெர்மெய்டில் எச்டிஎம்எல் லேபிள் அமைப்பை அணையுங்கள். டிரா.ஐஓவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, உரைப் பலகத்தில் வரி மடக்கும் தேர்வையும் வடிவூட்டிய உரைத் தேர்வையும் நீக்குங்கள். வரி மடங்காது என்பதால் நீண்ட லேபிள்களை நீங்களே எண்டர் தட்டி உடைக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. படமாகச் சேர்த்த எஸ்விஜி வெளியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. பக்கத்துக்கு நீங்கள் ஏற்றிய வெப் ஃபான்ட் படத்துக்குள் எட்டாது. வாசகர் கணினியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துரு வரும், அகலம் கூடி எழுத்து பெட்டியைத் தாண்டும். எழுத்துருவை எஸ்விஜிக்குள்ளேயே பதிப்பது ஒரு வழி. எழுத்துகளைப் பாதைகளாக மாற்றுவது இன்னொரு வழி. பாதைகளாக மாற்றினால் எங்கும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் தேடவோ நகலெடுக்கவோ முடியாது, திரைவாசிப்பானுக்கும் எட்டாது. அச்சுப் பிரதிக்கு மட்டும் அப்படி எடுங்கள்.

லேபிள் தமிழில் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம். 'கொ' என்பதில் மெய்யின் இரு பக்கமும் குறி வர வேண்டும். எழுத்துகளைக் கோத்து அடுக்கத் தெரியாத மாற்றி இதைப் புள்ளி வட்டத்தோடு பிரித்துப் போட்டுவிடும். அதனால் சோதனைப் படத்தில் 'கொள்முதல்', 'சேவை', 'கோப்பு' போன்ற சொற்களைக் கட்டாயம் வையுங்கள், 'படம்' என்று எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். உங்கள் கணினியில் சரியாக இருந்து பில்ட் சர்வரில் காலிக் கட்டங்களாக வந்தால், அங்கே தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள். கிராஃப்விஸில் எழுத்துருப் பெயரைப் படத்துக்கு, பெட்டிக்கு, அம்புக்கு என மூன்று இடத்தில் தனித்தனியே கொடுக்க வேண்டும். படத்துக்கு மட்டும் கொடுத்தால் மற்ற இரண்டும் டைம்ஸிலேயே இருக்கும். விண்டோஸில் பிளாண்ட்யுஎம்எல் ஓட்டும்போது எழுத்துக்குறியீடு யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மூல உரையில் பெட்டியின் உள்பெயர் ஆங்கில எழுத்தில், காட்டும் லேபிள் மேற்கோளுக்குள் தமிழில் என்று பிரித்து வைப்பதே எந்த உரைக் கருவியிலும் பாதுகாப்பு. மொழிபெயர்க்கும்போதும் லேபிளை மட்டும் மாற்றினால் போதும், அம்புகளைத் தொட வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பெட்டிகள் விரியும், இடமிருந்து வலமாகப் போகும் படத்தை மேலிருந்து கீழாகத் திருப்பினால் பத்திக்குள் அடங்கும்.

இருண்ட பின்னணித் தளங்களில் கறுப்பு அம்பும் ஒளிபுகும் பின்னணியும் சேர்ந்தால் அம்பு மறைந்துவிடும், வெள்ளைப் பின்னணியைப் படத்தோடு சேர்த்தே எடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1, கோடுகளுக்கு 3க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதம் அணுகல்தன்மை நெறியில் இருக்கிறது. 'சிவப்பு அம்பு தோல்வி, பச்சை அம்பு வெற்றி' என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒன்றைப் புள்ளிக்கோடாக்குங்கள்.

எதை எடுப்பது

ரீட்மி, உள் விக்கி, பத்துப் பெட்டிக்குள் அடங்கும் ஓட்டம்: மெர்மெய்ட். ஏபிஐ ஆவணம், நெறிமுறை, யார் யாருக்கு எப்போது என்ன அனுப்புகிறார் என்ற படம்: பிளாண்ட்யுஎம்எல், யோசிக்கவே வேண்டாம். நிரலிலிருந்து தானாக வருவது: கிராஃப்விஸ். மொத்த அமைப்பையும் ஒரே பக்கத்தில் காட்டும் கட்டமைப்புப் படம், அதில் எது எங்கே இருக்கிறது என்பதே செய்தி என்றால் டிரா.ஐஓ. ஒரு குழுவுக்கு உரைக் கருவி ஒன்று, மவுஸ் கருவி ஒன்று போதும். மூன்றாவது வந்தால் அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். இப்போது ஏஐ மொழி மாதிரிகள் மெர்மெய்ட் உரையை நொடியில் எழுதித் தருகின்றன. தொடரியல் பெரும்பாலும் சரியாக இருக்கும், அம்பின் திசையை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஏற்கெனவே மூலம் இல்லாத படங்கள் ரிப்போவில் குவிந்திருந்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டாம். ஒரு படத்தில் மாற்றம் கேட்டு வரும்போது அதை மட்டும் புதிய கருவிக்கு மாற்றுங்கள். பழைய பிஎன்ஜியை டிரா.ஐஓவில் பின்னணி லேயராக வைத்துப் பூட்டி, அதன் மேலேயே பெட்டிகளை வைத்தால் இருபது பெட்டிப் படம் அரை மணி நேரத்தில் முடியும். முடிந்ததும் அந்த லேயரை மறைத்தால் போதாது, அழித்துவிட்டுச் சேமியுங்கள். மறைத்து மட்டும் வைத்தால் பழைய படமும் கோப்புக்குள்ளேயே பயணம் செய்யும்.